குளிரறையில் வைத்த முட்டைகள்

திங்கட்கிழமை மாலை குளிரறைக் கதவைத் திறந்தபோது சிவனேஸ்வரியின் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. குளிரிலிருந்து வெளியே வரும்போதுதான் கண்ணாடி மங்கும். உள்ளே போகும்போது மங்காது. உள்ளிருந்து ஈரச் சிறகின் வாடையோடு வெதுவெதுப்பான காற்று வந்து முகத்தில் படிந்தது. சுவரில் இருந்த வெப்பமானி மட்டும் வழக்கம்போல நான்கு பாகை காட்டிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவள் அவள். முட்டைக்குள் வளரும் குஞ்சின் உயிரணு, இருக்கிற எரிபொருளை எப்படிச் சிக்கனமாகச் செலவழிக்கிறது என்பது ஆராய்ச்சி. அந்தச் சிக்கனத்தைக் குலைக்கும் மருந்தைப் பன்னிரண்டு முட்டைகளுக்குள் ஏற்றியிருந்தாள். கடிவாளம் போனதும் உயிரணு கண்மண் தெரியாமல் எரியும். குஞ்சு பொரிப்பதற்கு முதல்நாள் ஓட்டை வெட்டி அதன் ஈரலை எடுக்கவேண்டும். அந்த நாள் வெள்ளிக்கிழமையாக வந்து தொலைத்தது.

வெள்ளிக்கிழமையில் அவள் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. போதாக்குறைக்கு வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. கூட வேலை செய்யும் மதராஸ்காரர் நரசிம்மனிடம் சொல்லலாமென்றால் அவர் சிட்னிக்குப் போயிருந்தார். அதனால் முட்டைத் தட்டைத் தூக்கிக் குளிரறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கொல்வது குளிர், அவளல்ல. படித்த மூளைக்கு இப்படியான சமாதானங்களுக்கா பஞ்சம்? கத்தரிக்கோல் ஒரு நொடியில் முடிப்பதைக் குளிர் இரவு முழுக்கச் செய்யும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தூக்கிப்போகும்போது தட்டை வயிற்றில் அண்டக்கொடுத்திருந்தாள். ஓடுகளுக்குள் குஞ்சுகள் கொத்தும் அதிர்வு தோலில் தெரிந்தது. அதற்குப் பதில்போல வயிற்றுக்குள் பிள்ளை ஒருதரம் உதைத்தது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதற்குப் பிறகு பிள்ளை அசையவே இல்லை.

சனி, ஞாயிறு முழுக்க வயிறு பச்சைத்தண்ணீர்க் குடம்போலச் சில்லிட்டுக் கிடந்தது. சுடுநீர்ப் பையை வைத்தால் பைதான் ஆறியது.

"பிள்ளை நித்திரையாக்கும். சும்மா பயப்பிடாதையும்" என்றார் திங்கள் காலையில் கணவர் மகாதேவன். "நாளைக்கு டொக்டரிட்டப் போறம்தானே."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அவள் வயிற்றில் கைவைத்தபடியே வேலைக்கு வந்தாள், செத்த முட்டைகளை வீசிவிட்டுப் போக.

செத்த முட்டைகள். டொக். டொக். தட்டிலிருந்துதான்.

ஒன்றைத் தொட்டாள். சுட்டது. சத்தம் நின்றது, எல்லா முட்டைகளிலும் ஒரே நேரத்தில்.

மருந்து போட்ட கரு இருப்பதை எரித்து அன்றைக்கே தீர்ந்திருக்கவேண்டும். இந்தக் குளிரில் மூன்று இரவு. எதை எரித்து? யாருடையதை?

கை தானாக வயிற்றுக்குப் போனது.

"என்னங்க, இன்னும் முடிக்கலையா?" வாசலில், சிட்னியிலிருந்து திரும்பியிருந்த நரசிம்மன். அவள் தட்டைக் காட்டினாள். "சரி, நகருங்க. நான் பாத்துக்கறேன்."

கத்தரிக்கோல் முதல் ஓட்டில் இறங்கியது. கழுவித் துடைத்த கிண்ணம்போல உள்ளே வெறுமை. மஞ்சட்கரு இல்லை. இரத்தம் இல்லை. ஒரு தூவிகூட இல்லை. அடுத்தது. அதுவும் அப்படியே. அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

ஒவ்வோர் ஓடு திறக்கும்போதும் அவள் அடிவயிற்றில் கொஞ்சம் சூடு ஏறியது. கடைசி ஓடும் திறந்தது.

"எங்கேங்க போச்சு எல்லாம்?" என்றார் நரசிம்மன்.

அவளுக்குக் காதில் விழவில்லை. வயிற்றுக்குள் ஓர் அசைவு. மூன்று நாளைக்குப் பிறகு! கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முருகா, முருகா என்று மனம் கூத்தாடியது.

"அசையுது! நரசிம்மன், என்ரை பிள்ளை அசையுது!"

மீண்டும் அசைந்தது. அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றது.

உதை இல்லை. கூராக இருந்தது.

டொக்.

விலாவுக்குக் கீழே ஒன்று. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று. இடுப்பில் ஒன்று. உள்ளிருந்து, தோலின் மெல்லிய இடத்தைத் தேடித் தேடி, அவசரமே இல்லாமல், பன்னிரண்டு இடங்களில்.