பழம்பனியில் கேட்பு நாள்

ஐப்பசி பிறந்தால் எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு மெழுகு மணக்கும். பனிச்சறுக்கு ஸ்கீக்களின் அடிப்பக்கத்தைச் சூடாக்கி மெழுகு தேய்ப்பது, மலையேறும்போது அடியில் ஒட்டிக்கொள்ளும் தோல்பட்டைகளைக் கொடியில் தொங்கவிட்டுப் புதுப்பசை பூசுவது, முதுகுப்பையில் மண்வெட்டி இருக்கிறதா என்று பார்ப்பது என்று ஒரு வாரம் ஓடிவிடும். எங்கள் ஆட்கள் சுவிஸுக்கு வந்து நாலு தலைமுறையாகிறது. பொங்கலுக்குப் பானை வைக்க மறந்தாலும் மறப்பார்கள், இந்த வேலையை மறக்கமாட்டார்கள். வெளியே மலை மொட்டையாகக் கிடக்கும். அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வானத்திலிருந்து பனி விழுந்ததை நான் பார்த்தது கிடையாது. எங்களிடம் இருப்பது பழம்பனி. கடைசியாக விழுந்த பனியை அந்தக் காலத்து ஆட்கள் அள்ளிக் குவித்து, மரத்தூள் மூடி, வெள்ளைத் துணி போர்த்தி வைத்தார்கள். குளிர் தொடங்கியதும் போர்வையை நீக்குவோம். பறக்கும் வாளிகள் அதை உயரச் சரிவுகளில் கொண்டுபோய் விரிக்கும். வசந்தத்தில் திரும்ப அள்ளி வந்து குவிக்கும். வருடா வருடம் அதே பனிதான். நிறம் இப்போது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. போன வருடம் தொலைத்த கையுறை இந்த வருடம் காலில் தட்டுப்படும். கோடையில் அந்தக் குவியலின் அடியிலிருந்து கசிவதுதான் எங்கள் குடிதண்ணீர்.

என் பீப்பரை எடுத்துப் பார்த்தேன். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி அது. தேடொலிக் கருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வீட்டில் எல்லோருக்கும் பீப்பர். நெஞ்சோடு கட்டிக்கொண்டால் நம் உடம்புச் சூட்டிலேயே ஓடும், ஓயாமல் துடிப்பு அனுப்பும். தேடுகிற பக்கம் மாற்றினால் அனுப்புவதை நிறுத்திவிட்டு மற்றவர்களின் துடிப்பைக் கேட்கும். சூடு போனால் தூங்கிவிடும். மறுபடி சூடு பட்டால் விழிக்கும்.

என்னுடையதில் சூட்டுத்தகடு கிழிந்திருந்தது. கேட்பு நாளுக்குப் பீப்பர் இல்லாமல் போக முடியாது. என் கணவனின் அண்ணன் தயாபரன் அத்தான், பனியைப் பராமரிக்கும் வெளிமலைச் சங்கத்தின் தலைவர், வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தன்னுடையதைக் கழற்றித் தந்தார்.

"இதை வச்சுக்கொள், துவாரகா. நான் கத்துறதுக்குத்தானே அங்க வாறன். கத்துறதுக்குப் பீப்பர் தேவையில்லை."

கேட்பு நாள் சட்டம் போட்ட சடங்கு. பனியை விரிப்பதற்கு முன் ஊரே குவியலின் மேல் ஏறி, பீப்பரைத் தேடும் பக்கம் மாற்றி, வரிசையாக நடந்து கேட்க வேண்டும். உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்தபின்தான் வாளிகள் பறக்கலாம். ஆனால் இந்தக் கருவிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம். சற்று நேரம் அசையாமல் நின்றால் தாமாகவே அனுப்பும் பக்கம் மாறிவிடும். ஆகவே வருடம் தவறாமல் யாராவது ஒருவர் கதை பேசி நின்று மாட்டிக்கொள்வார். எல்லோருடைய பீப்பரும் அலறும். மாட்டியவர் ஊருக்கே தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கித் தரவேண்டும். போன வருடம் உர்சுலா மாட்டினாள். அவள் இந்த ஊர்ச் சுவிஸ்காரி, எங்களோடு வளர்ந்து எங்களைவிட நன்றாகவே யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள்.

இந்த வருடக் கேட்பு நாளன்று காலையில் வெயில் நன்றாக அடித்தது. தென்பக்கத்தில் முந்தைய நாளே துணியை எடுத்திருந்தார்கள். அங்கே பனி மெலிந்து மினுங்கிக்கொண்டிருந்தது. வரிசை அந்த விளிம்பை நெருங்கியபோது பீப்பர்கள் கத்தின.

"ஆரப்பா அது?" என்று அத்தான் கீழிருந்து கத்தினார். "எனக்கு ரெண்டு மட்டன் ரோல்ஸ்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொருவரும் குனிந்து தத்தம் நெஞ்சைப் பார்த்தார்கள். எல்லாம் தேடும் பக்கத்திலேயே இருந்தன. சிரிப்பு வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அணைந்துகொண்டே போனது. பீப்பர்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

என் கையிலிருந்த பீப்பரின் திரையில் அம்பு ஆட்களைக் காட்டவில்லை. விளிம்பைக் காட்டியது.

என் கணவன் சேந்தன் போனது முந்தின குளிர்காலத்தில். மேலே விரித்திருந்த பனி மொத்தமாகச் சரிந்து அவனை மூடியது. புயல் ஓய்ந்து ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது எந்தப் பீப்பரும் எதையும் கேட்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. "சேந்தன் பீப்பரைப் போடாமல் போயிருப்பான்" என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. புறப்படும்போது அவன் சட்டைக்குள் கைவிட்டுப் பச்சை விளக்கைப் பார்த்தவள் நான். எத்தனை தடவை சொன்னேன்! பாவம், புருஷனை இழந்தவள் அப்படித்தான் சொல்லுவாள் என்று தலையாட்டினார்கள். பிறகு உருகும் முன் சரிந்த பனியை வாளிகள் அவசரமாக அள்ளி வந்து இங்கே கொட்டின.

"அது என்ரை," என்றார் அத்தான். மேலே ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. "நான்தான் மாத்த மறந்துபோனன். ரோல்ஸ் என்ரை கணக்கு. எல்லாரும் இறங்குங்கோ."

அவருடைய பீப்பர் என் கையில் இருந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"இல்லை, என்ரையாக்கும்," என்றாள் உர்சுலா.

"என்ரையா இருக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. இவ்வளவு அன்பாக ரோல்ஸ் வாங்கப் போட்டி போட்ட ஊரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"உங்கடை எண்டால் நிப்பாட்டுங்கோ," என்றேன். "எல்லாரும் நிப்பாட்டுங்கோ பாப்பம்."

மறுக்க வழியில்லாமல் ஒவ்வொருவராகப் பீப்பரை அணைத்தார்கள். கடைசியில் என் கையிலிருந்தது மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அவன் போட்டுத்தான் இருந்தான். குளிரில் தூங்கிப்போனது இன்றைய வெயில் சூட்டில் விழித்திருக்கிறது.

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, ஆள் இருக்கெண்டு சொன்னால் சட்டப்படி பனிக்கு முத்திரை வைப்பாங்கள். திரும்ப மூட விடமாட்டாங்கள். நாளைக்கோ இண்டைக்கோ ஃபேன் எண்ட மலைக்காத்து இறங்கும். முழுக்க உருகிப்போகும். பிறகு வாற கோடைக்குக் குடிக்கத் தண்ணி?"

மலையைத் தாண்டி இறங்கும் அந்த வெப்பக்காற்றுக்கு ஊரே பயப்படும். ஒரே நாளில் குவியலைத் தின்றுவிடும்.

"ஒருத்தருக்கும் சொல்லாமல் தோண்டி எடுப்பம். உங்கடை தம்பி, அத்தான்."

"கேட்டதை மறந்திடலாம், துவாரகா," என்றாள் உர்சுலா. அவள் கண் கலங்கியிருந்தது. "கண்டதை என்ன செய்யிறது? இத்தனை பேரில ஆர் வாயை மூடிக்கொண்டிருப்பினம்?"

நான் மண்வெட்டியை உருவிக்கொண்டு நடந்தேன். அம்பு நேராக நின்றது. எண் குறைந்துகொண்டே வந்தது. கைக்கெட்டும் ஆழம்தான். இன்னும் சில அடி நடந்திருந்தால் அவன் தலைக்கு மேலே நின்றிருப்பேன்.

முதுகுக்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மழை தொடங்கும்போது தகரத்தில் விழுவதுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து, பிறகு சேர்ந்து விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கையைச் சட்டைக்குள் விட்டபடி நின்றார்கள். எல்லோரும் தங்கள் பீப்பர்களை அனுப்பும் பக்கம் மாற்றியிருந்தார்கள். ஒருவர் முகமும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு, கோயிலில் சுற்றி வருவதுபோல், மெதுவாக என்னைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள்.

திரையில் அம்பு பைத்தியம் பிடித்துச் சுழன்றது. உர்சுலாவைக் காட்டியது, அவள் அண்ணனைக் காட்டியது, என் திருமணத்தில் பந்தி பரிமாறியவரைக் காட்டியது. இருப்பவர் துடிப்புக்கும் இறந்தவர் துடிப்புக்கும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. கிட்ட இருப்பவரைத்தான் காட்டும்.

அத்தான் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். "என்ரை பீப்பரைத் தா."

கொடுத்தேன். திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் சற்று விலகியபோது அம்பு ஒரு கணம் நின்று பனிக்குள் காட்டியதை அவர் பார்த்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் உதடு தம்பியின் பெயரைச் சொன்னது. பிறகு அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போய் மற்றவர்களோடு சேர்ந்தார். கடைசி 'டிக்' அவருடையது.

எனக்கு அழுகை வரவில்லை. நானும் இந்தப் பனியின் தண்ணீரைத்தான் குடித்தேன், போன கோடை முழுவதும். அதை நினைத்தபோதும் அழுகை வரவில்லை.

மண்வெட்டியை இரண்டு தரம் குத்தினேன். பழம்பனி கல்லாக இறுகியிருந்தது. அம்பு இல்லாமல் எந்த இடம் என்று தோண்டுவது? பறக்கும் வாளிகள் கீழே இயந்திரத்தைச் சூடாக்கும் சத்தம் கேட்டது.

ஆனால் ஆள் நிற்கிற பனியை வாளிகள் அள்ளுவதில்லை. சட்டம்தான், அதுவும். என்னைத் தூக்கிக்கொண்டு போகத் துணிந்த ஒருவர் அந்த ஊரில் அன்று இல்லை. அந்த அளவுக்கு மட்டும் நல்லவர்கள்.

மண்வெட்டியை நட்டுவிட்டு அதன் அருகே உட்கார்ந்தேன். அவர்கள் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். நெஞ்சுகளில் பீப்பர்கள் துடித்துக்கொண்டிருந்தன. கடைசியில் கால் ஓய்ந்து ஒவ்வொருவராக நின்றார்கள். அத்தான் மட்டும் தெற்கே மலைமுகட்டைப் பார்த்தார். அங்கே மேகம் சுவர் மாதிரி எழும்பி நின்றது.

"எழும்பு, பிள்ளை," என்றார். கெஞ்சுவதுபோல் இருந்தது. "கும்பிட்டுக் கேக்கிறன்."

"கொஞ்சம் பொறு, சேந்தன், காத்து வருது," என்று பனியைப் பார்த்துச் சொன்னேன்.

கழுத்தில் சூடான காற்று பட்டது. எனக்குக் கீழே எங்கோ பனி உருகி ஒரு சொட்டு விழுந்தது. நான் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தேன்.