தெரியாம என்ன, மாப்ள

பக்கத்து சீட்டில் ஆள் ஏறி உட்கார்ந்துவிட்டான். கார் மட்டும் பீப் அடிக்கவில்லை. மருந்துப் பையை வைத்தால்கூட பெல்ட் போடு, பெல்ட் போடு என்று கத்தித் தீர்க்கிற கார் அது. சாய்பிரசாத் ஒரு கணம் டேஷ்போர்டைப் பார்த்தான். சென்சார் போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

மருந்துக் கம்பெனி வேலையாகச் சோழவந்தானில் இரண்டு டாக்டர்களைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் விளாங்குடி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கிளம்பியிருந்தான். ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. அங்கேதான் அந்த ஆள் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினான்.

"டேய் மாப்ள! என்னயத் தெரியுதா இல்லையா? நம்ம காலேஜ்டா!"

தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவர்கள் படித்தது மூன்றே துறை உள்ள பொட்டுக் கல்லூரி. கேன்டீன்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அங்கே படித்தவர்கள் எந்த ஊரில் எதிர்ப்பட்டாலும் 'யாருன்னு தெரியலையே' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவனைப் 'பெரிய மனுசன்' என்று பட்டம் கட்டி, வாட்ஸப் குழுவில் மாதக்கணக்கில் தோலை உரித்துவிடுவார்கள். அதனால் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான்.

"தெரியாம என்ன மாப்ள, ஏறு."

வெற்றிலைக் கொடிக்காலின் ஈர வாசமும் வைகைப் பக்கமிருந்து வந்த சேற்று வாசமும் ஜன்னல் வழியாக நுழைந்து, காருக்குள் வந்ததும் செத்துப்போயின. உள்ளே வருசக்கணக்கில் திறக்காத பீரோவின் வாடை. அந்த ஆளைத் திரும்பிப் பார்க்கும்போது முகம் இருந்தது, கண் இருந்தது, மீசை இருந்தது. சாலைக்குத் திரும்பினால் அதில் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை.

"டூர் போனப்ப பஸ் சேத்துல மாட்டுச்சே, யாரு மாப்ள இறங்கித் தள்ளுனது?"

தள்ளியது சாய்தான். முழங்கை கிழிந்து நாலு தையல் போட்டார்கள். ஆனால் ஆளை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள ஏதாவது சொல்லியாக வேண்டுமே. தன் கதையைத் தூக்கி அவனுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

"நீதான். முழங்கையெல்லாம் ரத்தமா வந்து நின்னியே!"

அந்த ஆள் சந்தோசமாகச் சிரித்தான். சட்டைக் கையைச் சுருட்டினான். "இன்னமும் தழும்பு இருக்கு பாரு."

இருந்தது. சாய் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையின் முழங்கையைத் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. இன்னொரு கையாக இருக்கும் என்று அதையும் தடவினான். அதுவும் வழவழவென்றுதான் இருந்தது.

அப்போது போன் வந்தது. மனைவி காவ்யஸ்ரீ. வழக்கம்போல வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் படபடவென்று பேசினாள். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். அப்பா வந்து ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அடம் பிடிக்கிறாளாம். "இதோ வந்துவிட்டேன்" என்று அவனும் அதே பாஷையில் சொல்லி வைத்தான். அந்த ஆள் தலையைச் சாய்த்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்க பாஷைய ஹாஸ்டல்ல எனக்கும் சொல்லிக் குடுத்தேல்ல மாப்ள?"

"ஆ... ஆமா." நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது.

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி இறங்கியபோதுதான் மூச்சு வந்தது. எதிரே ஸ்கூட்டரில் திவ்யா. அவனோடு மூன்று வருசமும் ஒரே வகுப்பில் படித்தவள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"டேய் சாய்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். ஓடிவந்தவள் அவனைத் தாண்டிப் போனாள். கார் ஜன்னலில் குனிந்தாள். "எம்புட்டு வருசமாச்சுடா! காவ்யா எப்படி இருக்கா? பாப்பா வளந்துட்டாளா?"

"திவ்யா, நான்தான் சாய்! அவன் யாருன்னே எனக்குத் தெரியாது!"

திரும்பிப் பார்த்தாள். அவள் கண் அவன் முகத்தில் எதையோ தேடியது. கிடைக்கவில்லை. பிறகு மரியாதையாகச் சிரித்தாள்.

"தெரியாம என்னங்க... நம்ம காலேஜ்தான?"

சாய் பங்கின் சுவரோரம் ஓடி வீட்டுக்குப் போன் போட்டான். காவ்யா எடுத்தாள். ஏதோ சொன்னாள். அவள் குரல்தான். அவள் வேகம்தான். ஒரு சொல்கூடப் புரியவில்லை. பதிலுக்கு வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து பேசிய பாஷை, ஒரு எழுத்துகூட வரவில்லை.

"காவ்யா," என்றான் தமிழில், "யாரு வந்தாலும் கதவத் தொறக்காத."

"ஹலோ? யாருங்க பேசுறது?"

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தான். எடுக்கவில்லை.

திரும்பினான். அந்த ஆள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"ஏறு மாப்ள. வீட்டுக்கு வந்து ஒரு காபி சாப்ட்டுப் போ."

ஏறாவிட்டால் அவன் தனியாகப் போய்விடுவான். அங்கே காவ்யா இருக்கிறாள். பாப்பா இருக்கிறாள். சாய் பக்கத்து சீட்டில் ஏறினான். பெல்ட் போடவில்லை. கார் பீப் அடிக்கவில்லை.

விளாங்குடி. அவன் தெரு. அவன் வீடு. வாசலில் லைட்.

கதவு திறந்தது. பாப்பா ஓடிவந்தாள். கூப்பிடப் போனான். பெயர். அவள் பெயர் என்ன? அவன்தானே வைத்தான். அவன்தானே அவள் காதில் சொன்னான். பாப்பா அந்த ஆளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

காவ்யா அந்த ஆளோடு அந்தப் புரியாத பாஷையில் என்னவோ பேசிச் சிரித்தாள். பிறகு சாயைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். வெளியாட்களிடம் பேசுகிற தமிழில் சொன்னாள்.

"உள்ள வாங்கண்ணே. உக்காருங்க, காபி கொண்டாரேன்."

உட்கார்ந்தான். கத்த வேண்டும். கையைப் பிடித்து இழுக்க வேண்டும். கால் அசையவில்லை. அந்த ஆள் சட்டமாகத் தரையில் உட்கார்ந்து, பாப்பாவை மடியில் வைத்து, ரசம் சாதத்தைப் பிசைந்தான்.

காவ்யா இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றைக் கணவனிடம் கொடுத்தாள். இன்னொன்றை நீட்ட வந்தவள் பாதியில் நின்றாள். சாய் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். எதற்கு இரண்டு போட்டோம் என்று தெரியாமல் தன்னையே நொந்துகொண்டு, அதைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

"காவ்யா!" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை.

பாப்பா திரும்பினாள். வாய் நிறையச் சோறு. மெல்லுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியையே பார்த்தாள். அவனைத்தான் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

அந்த ஆள் இடது கையால் அவள் கன்னத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பி, அடுத்த வாயை ஊட்டினான்.