எலுமிச்சம்பழத்துக்கு ஒரு ரிப்பன்

மைதிலியால் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார முடியாது. இன்றைக்கோ அரை நிமிடம்கூட முடியவில்லை. லைஃப் ஜாக்கெட்டை எட்டு மணிக்கே மாட்டிக்கொண்டு, அல்சூர் ஏரிக்கரையில் நின்ற படகில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள்.

அவளுடைய அப்பா உத்தமன் அந்த ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளும் மோட்டார் படகை ஓட்டுகிறவர். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு ரவுண்டு கூட்டிப் போகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிவந்தார். தொம்மலூரிலிருந்து சைக்கிளில் வரும்போதே மைதிலி அதை மூன்று முறை உறுதி செய்துகொண்டாள். பத்து மணிக்கு இன்ஜினியர் வந்துவிடுவார். அதற்கப்புறம் வேலைதான், ரவுண்டெல்லாம் கிடையாது.

மணி ஒன்பதாகிவிட்டது. மோட்டார் கிளம்புவதாக இல்லை.

அப்பா ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப் போனார். நேற்றுதான் அந்தப் பழைய மோட்டாரைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டியிருந்தார்கள். இன்னும் என்னதான் வேண்டுமாம் அதற்கு என்று மைதிலிக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவோடு வேலை பார்க்கும் டென்சில் அங்கிள் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோலைப் பார்த்தார். கடைசியில் குனிந்து, மோட்டாரின் முன்பக்கம் இருந்த சிவப்பு பட்டனைப் பார்த்தார்.

"கிளிப்பு எங்க, உத்தமா?"

பட்டனுக்கு அடியில் செருகியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப்பைக் காணோம். அது இல்லாமல் மோட்டார் கிளம்பாது. நேற்று துடைக்கும்போது யாரோ கழற்றியிருக்க வேண்டும்.

"அதுக்கென்ன" என்று அப்பா ஒரு சணல் துண்டை எடுத்தார். பட்டனின் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமியது.

ஒரே தாவலில் மைதிலி படகுக்குள் இருந்தாள். ஆனால் வாயும் காலைப் போலத்தானே, சும்மா இருக்காது. அந்தக் கிளிப் எதற்கு என்று கேட்டுவிட்டாள்.

டென்சில் அங்கிளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. கிளிப்போடு ஒரு கயிறு இருக்கும், ஓட்டுகிறவர் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், அவர் தவறி விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், உடனே மோட்டார் நின்றுவிடும் என்றார்.

"நிக்கலன்னா அங்கிள்?"

"ஆளில்லாத போட்டு வட்டமடிச்சு, விழுந்தவர் மேலயே வரும்மா. அடியில விசிறி சுத்துதுல்ல?"

மைதிலி சணலைப் பார்த்தாள். அப்பாவின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். எழுந்து கரைக்கு இறங்கிவிட்டாள்.

"எனக்கு ரவுண்டு வேணாம்பா. நீயும் போகாத. மொதல்ல கிளிப்பு கெடைக்கட்டும்."

அப்பா சிரித்தார். "பன்னெண்டு வருஷமா ஓட்டறேன். ஒரு நாள்கூட விழுந்ததில்லடி."

"விழறவங்கல்லாம் சொல்லிட்டா விழறாங்க?"

அப்பா மோட்டாரை நிறுத்தினார்.

மூவரும் தேடினார்கள். டூல்ஸ் பெட்டியைக் கொட்டினார்கள், சாக்கையெல்லாம் உதறினார்கள். மைதிலி மட்டும் ஓரிடத்தில் தேடாமல் படகைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டாள். படகின் முன்முனையில் திருஷ்டிக்காக எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த சரம் தொங்கியது. அதைக் கட்டியிருந்தது, டெலிபோன் வயரைப் போலச் சுருண்ட ஒரு சிவப்புக் கயிறு. அதன் நுனியில் கிளிப்!

அப்பா அசடு வழிந்தார். நேற்று சரத்தைக் கட்ட நூல் போதவில்லையாம். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கட்டிவிட்டாராம். ஆபத்து வராமல் இருக்கத்தான் எலுமிச்சம்பழம். அதைக் கட்டினதோ, ஆபத்தைத் தடுக்கிற கயிற்றால்!

அப்போதும் அவர் கை தயங்கியது. "பூஜை போட்டதை எப்படிம்மா அவுக்கறது?"

"அவுக்க வேணாம், மாத்திக் கட்டு" என்று மைதிலி தன் ஒரு பக்கச் சடையிலிருந்து ரிப்பனை உருவிக் கொடுத்தாள்.

சரம் ரிப்பனுக்கு மாறிய நேரத்தில் இன்ஜினியர் சீனிவாசராகவனின் ஜீப் வந்து நின்றது. ரவுண்டு போயே போய்விட்டது. அப்பா சணலை அறுத்தெறிந்து, கிளிப்பைச் செருகி, கயிற்றை மணிக்கட்டில் மாட்டி அவளுக்குக் காட்டிவிட்டு, எதிர்க்கரையில் குவித்திருந்த ஆகாயத்தாமரையை ஏற்றிவரத் தனியாகக் கிளம்பினார்.

பாதி தூரம்கூடப் போகவில்லை. மிதந்த செடிகளுக்குள் மறைந்திருந்த ஏதோ ஒரு கட்டையில் படகு மோதியது. அப்பா தூக்கியெறியப்பட்டுத் தண்ணீரில் விழுந்தார்.

மோட்டார் சத்தம் பட்டென்று நின்றது. படகு ஒரு அடிகூட வட்டமடிக்காமல் அங்கேயே மிதந்தது. அப்பா நீந்திப் போய் அதைப் பிடித்து ஏறினார்.

கரைக்கு வந்தபோது அவர் தலையில் ஒரு ஆகாயத்தாமரை உட்கார்ந்திருந்தது. மைதிலி ஓடிப்போய் ஈரத்தோடு அவரைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்லிட்டு விழலாம்னுதான் பாத்தேன்மா, நேரமில்ல" என்றார் அப்பா.

சணல் கதையை டென்சில் அங்கிள் ஒன்றுவிடாமல் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டார். இன்ஜினியர் அப்பாவை முறைத்தார். பிறகு ஒரு பக்கச் சடை அவிழ்ந்து நின்ற மைதிலியைப் பார்த்தார்.

"மோட்டாரை ஒரு ரவுண்டு டெஸ்ட் பண்ணிட்டு வேலைய ஆரம்பிங்க. கிளிப்பைப் பாத்துக்க இந்தம்மா கூட வரட்டும்."

சாயங்காலம் வீட்டில் அம்மா ஆசையாகக் கேட்டாள்.

"ஏரியில என்னென்ன பாத்த?"

மைதிலி யோசித்தாள். முழு ரவுண்டும் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவளுக்கே நினைவு வந்தது.

"கிளிப்பு" என்றாள்.