தோர்வெக் கட்டிய சுவர்

ஹிர்த்தா கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் டாப்லோவின் மதுக்கடையில் பேச்சு சட்டென்று அடங்கியது. கோர்டாக் மலையின் நீரிறைப்புப் பொறிகள் அத்தனைக்கும் அவள்தான் தலைமை. அவள் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் கீழ்ச் சுரங்கங்கள் முழுகிப்போகும். ஆனாலும் தோர்வெக்கின் வாரிசு அல்லவா? பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியை மெதுவாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். நன்றியையும் மறக்க மாட்டோம், வசையையும் மறக்க மாட்டோம்.

அவள் நேராக மூலையில் இருந்த ப்ருண்டாக்கிடம் போனாள். சுரங்கக் காற்றை மோந்து பார்த்து நஞ்சா நல்லதா என்று சொல்வதுதான் ப்ருண்டாக்கின் தொழில். காணாமல் போன பொருளுக்கும் காரணம் தெரியாத சாவுக்கும் மலை முழுக்க அவரையே தேடி வருவார்கள். அப்போது அவர் காளான் ரொட்டியைப் பொறுமையாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, தோர்வெக்கோட சுத்தியல் கிடைச்சிருச்சு,” என்றாள் ஹிர்த்தா.

“உக்காரு. எங்க கிடைச்சுது?”

“சுவருக்கு வெளிப்பக்கம். அவர் ஓடினதுக்கு இதுவே சாட்சின்னு, மதிய மணி அடிச்சதும் பெயர்ப் பாறையிலேர்ந்து அவர் பேரைக் கொத்தி எடுக்கப் போறாங்க. பேரு போனா என் பிள்ளைங்களுக்குச் சுத்தியல் கிடையாது, சுரங்கத்துல கால் வைக்கக்கூட உரிமை கிடையாது.” அவள் குரல் தழுதழுக்கவில்லை, அந்த வம்சத்தில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. “அவர் ஓடினாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். ஓடியிருந்தா நானே உளியைப் பிடிச்சுக் கொத்துறேன். ஓடலைன்னா எவனும் அந்தப் பேரைத் தொடக் கூடாது.”

கதை தெரியாத குழந்தை எங்கள் மலையில் கிடையாது. ஏழு தலைமுறைக்கு முன் ஆழச் சுரங்கத்தில் பாறை உடைந்து பாதாள ஏரி உள்ளே பாய்ந்தது. மேஸ்திரி தோர்வெக் தன் ஆட்கள் ஆறு பேரை உள்ளே தவிக்கவிட்டு, வெளியே நின்று சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, மலையை விட்டே ஓடிப்போனான் என்பது வரலாறு. அதைச் சொன்னவன் தப்பி வந்த ஒரே ஆளான க்ரும்பல். அவன் சொன்னது பாட்டானது. அவன் வம்சம்தான் இன்றைக்கும் விளக்குத் திருநாளில் மலையின் வரலாற்றை ஓதுகிறது. தோர்வெக் என்ற பெயர் வந்ததும் கூடம் முழுவதும் காறித் துப்பும். அவன் சுவரைக் கடக்கும்போது தலைவனானாலும் தச்சனானாலும் முகத்தைத் திருப்பி, முதுகைக் காட்டித்தான் நடக்க வேண்டும். சமவெளிக்காரர்கள் எங்களைக் குள்ளர்கள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எங்கள் வாசலில் குனிகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் கோழை என்ற சொல்லை மட்டும் நாங்கள் தாங்க மாட்டோம்.

“சுத்தியலைக் கண்டெடுத்தது யாரு?” என்று கேட்டார் ப்ருண்டாக்.

“முட்டுக்கட்டை மாத்தப் போன கொத்தன். சுவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாதே! முதுகைக் காட்டிக்கிட்டே கையைப் பின்னால நீட்டித் துழாவியிருக்கான். சுவரை ஒட்டின பாறைத் திட்டுல பிடி கையில பட்டிருக்கு. அப்படியே இழுத்துட்டான்.”

“பிடிதான் முதல்ல பட்டுச்சா? இரும்பு இல்லையா?”

“பிடிதான்.”

ப்ருண்டாக் மீதி ரொட்டியை மடித்துப் பைக்குள் வைத்தார். “டாப்லோ, கடையைச் சாத்துறியா? சுவரைப் பார்த்துட்டு வரலாம்.”

டாப்லோ ஆவலாகத்தான் மேலங்கியை எடுத்தான். துப்புத் துலக்கப் போவதென்றால் கொதிக்கிற பார்லிப் பானையை அப்படியே விட்டுவிட்டு வருகிற ஆள் அவன். பாதி வழியில்தான் உறைத்தது. “என்னது, பார்க்கிறதா? யோவ், கண்ணு அவிஞ்சிடும்யா!”

“உனக்கு அவிஞ்சா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்.”

*

ஆழச் சுரங்கத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி ப்ருண்டாக் சுவருக்கு எதிரே நின்றார். டாப்லோ தன் தாடியைத் தூக்கிக் கண்களை மூடிக்கொண்டான். அவனுக்குத் தாடி அடர்த்தி.

“சீச்சீ, இது நம்ம ஆளு கட்டின சுவரா?” என்றார் ப்ருண்டாக். “கல்லிடுக்குல எல்லாம் சாந்து பிதுங்கித் தொங்குது. ஒருத்தனும் விரலால வழிச்சு விடலை.”

டாப்லோவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தாடியை விலக்கி ஒரு கண்ணால் பார்த்தான். “அட, ஆமாம்! கட்டைவிரல் தடத்தையே காணோமே? என் மாமனார் பன்றித் தொழுவம் கட்டினப்பகூட இடுக்குக்கு இடுக்கு விரல் வச்சாரு. பெண்டாட்டி பிரசவத்துல கத்துறா, மனுஷன் தடம் வச்சிட்டுத்தான் போனாரு.”

“தோர்வெக்குக்கு அவசரமா இருந்திருக்கும்னு சொல்றியா?”

“அவசரமாவது மண்ணாவது! தலையே போனாலும் நம்ம ஆளு சாந்தை வழிக்காம விட மாட்டான்.”

“நானும் அதைத்தான் நினைக்கிறேன்.” ப்ருண்டாக் நெஞ்சு உயரத்தில் இருந்த ஒரு சின்னக் கல்லைத் தொட்டார். ஒரு ரொட்டியளவுதான் இருந்தது. சுற்றியிருந்த கற்களெல்லாம் பெரியவை. அதற்குப் பக்கத்திலேயே பாறைத் திட்டு. அங்கே படிந்திருந்த புழுதியில் சுத்தியல் கிடந்த அச்சு அப்படியே இருந்தது. இரும்பு சுவரை ஒட்டி, பிடி வெளிப்பக்கம் நீண்டு.

“டாப்லோ, உன் பீப்பாய்த் தக்கை சில சமயம் வெடிச்சுத் தெறிக்குதே, அது ஏன்?”

“நான் வெளியேர்ந்து அடிக்கிறேன், மது உள்ளேர்ந்து தள்ளுது. பின்னே தெறிக்காதா?”

“தெறிக்கவே கூடாதுன்னா?”

“தலைப்பக்கம் அகலமா ஒரு தக்கை செஞ்சு, உள்ளேர்ந்து வைக்கணும். மது தள்ளத் தள்ள அதுவா இறுகிக்கும்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். “நல்ல யோசனைதான். பீப்பாய்க்குள்ள எவன் போய் உக்காருவான்...”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. வாயைத் திறந்தபடியே சுவரைப் பார்த்தான். இந்தமுறை இரண்டு கண்ணாலும் பார்த்தான்.

*

மதிய மணிக்குக் கொஞ்சம் முன்பு, மூத்தவர்கள் எல்லாரும் ஆழச் சுரங்கத்தில் கூடினார்கள். ப்ருண்டாக் கூப்பிட்டால் மறுக்க முடியாது. அவர் மூக்கினால் உயிர் பிழைத்தவர்கள் அவர்களில் பாதிப் பேர். எல்லாரும் வழக்கப்படி சுவருக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். க்ரும்பல் வழிவந்த தலைமை ஓதுநர் ஸ்கெல்டா, வெள்ளிக் கம்பி கோத்துப் பின்னிய சடையோடு நடுவில் நின்றாள். இறுக்கமான பெண்மணி. ஆனால் வரலாற்றில் ஒரு எழுத்து பிசகினாலும் சோறு இறங்காது அவளுக்கு.

“ஓதுநரம்மா, தோர்வெக்கைக் க்ரும்பல் கடைசியாப் பார்த்த இடத்தைக் கொஞ்சம் ஓதுறீங்களா?” என்றார் ப்ருண்டாக்.

ஸ்கெல்டா ஓதினாள்: “‘அவன் கையைக் கண்டேன், முகம் காணேன். கல் மூடிற்று, நான் நடந்தேன்.’ வெட்கங்கெட்டவன் முகத்தை மறைச்சுக்கிட்டான். இதுல என்னய்யா சந்தேகம் உமக்கு?”

“உங்க வரலாற்றுப்படி தோர்வெக் வெளியே நின்னு சுவர் கட்டினான், க்ரும்பலும் வெளியேதான் நின்னான். பக்கத்துல நிக்கிறவனோட கை மட்டும் எப்படித் தெரியும்? தோள் எங்க, முதுகு எங்க, தாடி எங்க?”

ப்ருண்டாக் முழங்கைவரை தன் கையை நீட்டிக் காட்டினார்.

“கை மட்டும் தெரியணும்னா நடுவுல சுவர் இருக்கணும். ரொட்டியளவு ஒரு ஓட்டை இருக்கணும். அந்த ஓட்டை வழியாத்தான் அந்தக் கை வந்துது. சுத்தியலைத் திட்டுல வச்சுது, பிடி வெளியே இருக்கிற மாதிரி. நாம யாருக்காவது சுத்தியல் கொடுத்தா எந்தப் பக்கத்தை நீட்டுவோம்?”

“பிடியை,” என்றார் ஒரு மூத்தவர், தன்னையறியாமல்.

“சுத்தியல் சொந்தக்காரனோட சாகக் கூடாது, பிள்ளைக்குப் போகணும். இது நம்ம வழக்கம். சாகப் போறோம்னு தெரிஞ்சவன்தான் சுத்தியலை வெளியே கொடுப்பான்.”

ஸ்கெல்டாவின் கழுத்து சிவந்தது. “நிறுத்தும்யா! சுத்தியலை வெளியே கொடுத்துட்டா கடைசிக் கல்லை எதால அடிச்சு இறுக்கினான்? பல்லாலயா?”

“தண்ணி இறுக்கிச்சு, ஓதுநரம்மா. உள்பக்கம் அகலமா, வெளிப்பக்கம் ஒடுக்கமாச் செதுக்கின கல்லு. ஏரி தள்ளத் தள்ள இறுகும். அந்த மாதிரிக் கல்லை உள்ளே நின்னுதான் வைக்க முடியும். சாந்தை உள்ளேர்ந்து பூசினதால வெளியே பிதுங்கினதை வழிக்க ஆளில்லை. ஏழு தலைமுறையா இது நம்ம கண்ணு முன்னாடியே இருக்கு. நாமதான் முதுகைக் காட்டிக்கிட்டே போனோம்.”

“வெறும் பேச்சு.”

“அப்போ திரும்பிப் பாருங்க.”

முதலில் திரும்பியவள் ஹிர்த்தா. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஸ்கெல்டா கடைசியாகத் திரும்பினாள். உண்மையைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது.

டாப்லோ சின்னக் கல்லைக் கொக்கி போட்டு இழுத்தான். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் மயிரிழைகூட அசையவில்லை. உள்ளே இருந்த ஏரி மலையின் வெடிப்புகளில் எப்போதோ வடிந்துவிட்டது என்பதைப் ப்ருண்டாக் காலையிலேயே தட்டிப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தார். “இப்போ உள்ளே தள்ளு,” என்றார். டாப்லோ கடப்பாரையை வைத்து நான்கு முறை இடித்தான். கல் சறுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தது.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ப்ருண்டாக் ஓட்டையருகே மூக்கை வைத்துக் காற்றை மோந்தார். பிறகு விளக்கை ஹிர்த்தாவிடம் கொடுத்தார். “நீதான் பார்க்கணும்.”

அவள் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிவிட்டுத் தலையை நுழைத்தாள். பிறகு அவள் குரல் உள்ளேயிருந்து கணீரென்று வந்தது.

“ஏழு இரும்புத் தொப்பி. வரிசையாச் சுவர் ஓரமா இருக்கு. ஒருத்தரையும் அவர் விட்டுட்டுப் போகலை! ஒருத்தரும் அவரை விட்டுட்டுப் போகலை!” அவள் தலையை வெளியே எடுத்தாள். “சுவரோட உள்பக்கம் இடுக்குக்கு இடுக்கு விரல் தடம் இருக்கு. பெரிய விரல், சின்ன விரல், எல்லார் விரலும். இடுப்புக்குமேல தண்ணி ஏறியிருக்கும். அப்பவும் சாந்தை வழிச்சு விட்டிருக்காங்க.”

டாப்லோ தேம்பித் தேம்பி அழுதான். வெட்கப்படவில்லை. நான் அந்த வரிசையில் நின்றிருந்தேன். எனக்கும் நெஞ்சு விம்மியது. இந்த மலையில் பிறந்ததற்கு இதைவிட என்ன வேண்டும்?

“அப்போ க்ரும்பல்?” என்று கேட்டார் ஒரு மூத்தவர்.

“அவன் அந்தக் குழுவிலேயே இளையவன்,” என்றார் ப்ருண்டாக். “சுத்தியலை வீட்டுல சேர்த்துட்டு நடந்ததைச் சொல்லுன்னு, சுவர் எழும்புறதுக்கு முன்னாடியே அவனை வெளியே அனுப்பியிருக்கணும். கை சுத்தியலை வச்சப்போ, தொடக்கூடப் பயந்து அவன் ஓடிட்டான். மேலே வந்தவனை ‘நீ மட்டும் எப்படித் தப்பிச்சே’ன்னு கேட்டிருப்பாங்க. ஓடினவன் ஒருத்தன் வேணும். செத்தவன் மறுத்துப் பேச மாட்டானே. க்ரும்பலைப் பத்தி நான் சொன்னதுக்குச் சாட்சி கிடையாது, என் ஊகம்தான். மத்ததுக்குச் சுவரே சாட்சி.”

மேலே மதிய மணி அடித்தது. ஸ்கெல்டா இடுப்பிலிருந்து உளியை உருவி ஹிர்த்தாவிடம் நீட்டினாள்.

“பெயர்ப் பாறையில க்ரும்பல் பேரும் இருக்கு. கொத்திடு. ஏழு தலைமுறையா பொய்யை ஓதிட்டோம். எங்க வம்சத்துக்கு இனிமே பேர் வேண்டாம்.”

ஹிர்த்தா உளியை வாங்கினாள். எடையைப் பார்ப்பதுபோல் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை ஸ்கெல்டாவின் இடுப்பிலேயே திரும்பச் செருகினாள்.

“பேரு கெட்டு வாழ்றது எப்படின்னு எனக்குத் தெரியும், அக்கா. அது யாருக்கும் வேண்டாம். அவனை வெளியே அனுப்பினது என் பாட்டன். அவன் பொழைக்கட்டும்னுதான் அனுப்பினாரு. அவர் காப்பாத்தின ஆளை நான் கொத்தி எடுக்கவா?”

“அப்போ நாளைக்கு நான் என்னத்தை ஓதுறது?” ஸ்கெல்டாவின் குரல் முதல்முறையாக உடைந்தது.

“நடந்ததை ஓது. ஏழு பேரு நின்னாங்க, ஒருத்தன் பயந்தான்னு ஓது. அந்த எட்டுப் பேரும் நம்ம ஆளுங்க.”

மறுநாள் விளக்குத் திருநாளில் ஸ்கெல்டா அப்படியே ஓதினாள். தோர்வெக் என்ற பெயர் வந்தபோது பழக்க தோஷத்தில் எல்லாருடைய வாயிலும் எச்சில் ஊறியது. கூடம் முழுவதும் அதை விழுங்கிக்கொண்டு எழுந்து நின்றோம்.