பால் ஊற்றிய இடம்

நாகேந்திரன் இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

பூங்காவனம் குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ரங்கூனிலிருந்து எலும்பும் தோலுமாய் வந்து சேர்ந்த புருஷன் எதையாவது தின்றால் போதும் என்றிருந்த வீட்டில், எந்தக் கையால் தின்கிறான் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வந்த புதிதில் கஞ்சியை அவளே ஊட்டினாள். காய்ச்சல் விட்டு, கால் வீக்கம் வடிந்து, தானாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கூத்து. வலது கை தொடைக்குப் பக்கத்தில், உடம்பிலிருந்து சற்று விலகி, தரையில் படாமல் தொங்கியது. விரல்கள் மடங்கியிருந்தன. முஷ்டியாக இல்லை; நடுவில் எதற்கோ இடம் விட்டு மடங்கியிருந்தன.

"இன்னாய்யா இது? சோத்துக் கையில இன்னா ஆச்சு?"

அவன் குனிந்து கையைப் பார்த்தான். யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "ஒண்ணும் ஆவலியே" என்று சொல்லிவிட்டு, மறுபடி இடது கையால் உருண்டை பிடித்தான்.

அதற்கப்புறம் அவள் கண் அந்தக் கையை விட்டு அகலவில்லை. தெருவில் நடக்கும்போதும் கை அப்படியேதான் இருந்தது. முன்பெல்லாம் வயல் வரப்பில் அவன் நடக்கிற வேகத்துக்கு அவள் ஓட வேண்டும். இப்போது அடியைக் குறுக்கிக் குறுக்கி, நடுநடுவே நின்று, யாரோ மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறவன் போல நடந்தான். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் தான் சேற்றில் இறங்கி, வலது பக்கத்து உலர்ந்த தரையைக் காலியாக விட்டுக்கொண்டு போனான். வாய்க்காலைத் தாண்டும்போது கையை மேலே தூக்கிக் கொடுத்தான். செம்பரம்பாக்கத்துக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, அவன் வருகிற நேரத்தில் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கையில் இருப்பது யார் என்று பூங்காவனத்துக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

இரண்டாவது பிரசவத்துக்காக அவள் ரங்கூனிலிருந்து கப்பலேறியபோது மூத்தவள் சாமுண்டிக்கு நாலு வயது. "நான் நைனாகூடத்தான் இருப்பேன்" என்று அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தாள். ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் விட்டுவிட்டு வந்தாள். பிறந்த பையன் வேம்புலி சீக்குப் பிள்ளையாய் இருந்தான். அவன் தேறுவதற்குள் சண்டை வந்தது. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று போய், கடைசியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. ரைஸ் மில் கூலிகளெல்லாம் அரக்கான் மலை வழியே கால்நடையாக வருகிறார்கள் என்று சேதி வந்தது. வைகாசியில் நாகேந்திரன் மட்டும் வந்தான். "வழியில வாந்திபேதி. பொதச்சிட்டேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பெற்ற வயிறு அதற்கு மேல் கேட்கத் துணியவில்லை.

அவள் அண்ணன் கோதண்டத்துக்கு இதெல்லாம் பேய்ச் சேட்டையாகத்தான் பட்டது. "ஒண்ணு இது காத்து கருப்பு. இல்லாட்டி வேலைக்குப் போவாம இருக்க வேஷம் கட்றான். ரெண்டும் இல்லன்னா கீப்பாக்கத்துல கொண்டுபோய் உட்ரு, பூங்கா. ஊட்ல சின்னப் புள்ளய வெச்சிகினு இன்னா தைரியம் உனக்கு?"

கீழ்ப்பாக்கம் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அங்கே போனவன் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளை என்று சொன்னதும் அவள் வேம்புலியைத் திரும்பிப் பார்த்தாள். நடவுக்குப் போகும்போதெல்லாம் வேம்புலியை அவனிடம்தான் விட்டுவிட்டுப் போகிறாள். புருஷனும் வேண்டும், பிள்ளையும் பத்திரமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே அவள் பூவிருந்தவல்லிக்கு வண்டி கட்டச் சொன்னாள்.

அங்கே சின்ன வைத்தியசாலை ஒன்றில் பாஸ்கல் டாக்டர் இருந்தார். போன உலகச் சண்டையில் பட்டாளத்தோடு பாஸ்ரா வரை போய் வந்தவர். நாகேந்திரனிடம் அதிகம் பேசாமல், பூங்காவனத்திடமே ஒவ்வொன்றாகக் கேட்டார். தூங்குகிறானா? மூலையில் உட்கார்ந்தபடி. ஆகாய விமானச் சத்தம் கேட்டால்? கட்டிலுக்கடியில் போய்விடுகிறான், வலது பக்கம் இடம் விட்டு. எதையாவது கண்டால் ஒதுங்குகிறானா? தண்ணீர்ச் சொம்பு. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் குடிப்பான்.

மருந்துநெடி அடித்த உள் அறையில் அவனைப் படுக்கவைத்து குளோரோபாரம் கொடுத்தார். தித்திப்பும் அழுகலுமாய் ஒரு வாசனை பரவியது. கால்கள் தளர்ந்தன, தாடை தொங்கியது, கடைசியில் அந்த விரல்களும் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளங்கை, நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்தது போல வெளுத்து ஊறிப்போயிருந்தது.

"பார்த்தீங்களாம்மா? நரம்பு, எலும்பு எல்லாம் நல்லா இருக்கு. இது பேயும் இல்ல, வேஷமும் இல்ல. மனசுல பட்ட அடி. நமக்கு நடந்ததை நாம நெனச்சுப் பார்க்கறோம். இவருக்கு அது நடந்து முடியவே இல்ல, இன்னும் அந்த மலையிலதான் நின்னுட்டிருக்கார். பாஸ்ராவில எத்தனையோ சிப்பாய்களைப் பார்த்திருக்கேன்."

"சரியாயிடுமா, ஐயா?"

"ஆகும். அந்தப் பிள்ளையை எங்கே, எப்படிப் பிரிஞ்சார்னு அவர் வாயாலேயே முழுசா வரணும். மெல்ல வரட்டும். அவருக்குப் பதிலா நீங்க யாரும் கதையை முடிச்சு வெச்சிடாதீங்க. அது ரொம்ப முக்கியம்."

சொல்லிக்கொண்டே கையைத் திருப்பினார். புறங்கையில் சின்னச் சின்னப் பிறை வடுக்கள். நகம் பதிந்த தடங்கள். சிலது ஆறியிருந்தன. சிலது புதுசு.

"தானே கீறிக்கிட்டிருப்பார்" என்றார் டாக்டர். பிறகு இடது கையை எடுத்துப் பார்த்தார். அந்த விரல்களில் நகமே இல்லை, சதை வரைக்கும் கடித்துத் துப்பியிருந்தான். டாக்டர் போர்வையை இழுத்து இரண்டு கையையும் மூடினார்.

மயக்கம் தெளிவதற்குள் விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டன.

வழியெல்லாம் பூங்காவனம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். இன்று கேட்டுவிடலாம். நாளைக்குக் கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவானே! அவன் வாயிலிருந்து வரப்போவதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை, அதுதான் உண்மை. இருளப்போகிற வீட்டில் அவன் எதிரில் உட்கார்ந்து, "இந்தாய்யா, புள்ளைய..." என்று ஆரம்பிப்பாள். அவன் நிமிர்வான். உடனே அவள் எழுந்துபோய் அடுப்பை ஊதுவாள்.

ஐப்பசி அடைமழை பிடித்த சமயத்தில் கோதண்டம் தானே ஒரு வழி சொன்னான். "கொயந்தய பொதச்ச எடத்துல பால் தெளிக்கணுமா இல்லியா? நாம தெளிக்கலியே! அப்புறம் அது எப்டி அடங்கும்? அந்த எடத்துக்குப் போவ முடியாது. இங்கியே ஒரு எடம் பண்ணிடுவோம்."

இதில் தப்பு என்ன இருக்கிறது என்றுதான் அவளுக்குப் பட்டது. கேட்காமலே காரியம் முடிகிறதே என்று உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. அன்று கப்பலில் தன் துணிகளோடு கலந்து வந்துவிட்ட, சாமுண்டியின் நாலு வயதுச் சிவப்புப் பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ஏரிக்கரைக்குக் கீழே, கோரைப் புல்லை ஒட்டி ஒரு குழி வெட்டி, பாவாடையைப் புதைத்து, மேடு கட்டினார்கள். "இதாம்மா உன் எடம். இங்கியே இரு" என்று கோதண்டம் உரக்கச் சொன்னான். பூங்காவனம் பாலை ஊற்றினாள்.

அப்போதுதான் நாகேந்திரனின் கை திறந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். விரல்களை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தான். முகத்தில் இத்தனை மாதம் காணாத ஒரு தெளிவு. அன்று மத்தியானம் வலது கையால் ரசம் ஊற்றிப் பிசைந்து, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வேம்புலியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பூங்காவனத்துக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. டாக்டர் என்ன பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டே, பால் கொண்டுபோன செம்பைத் துலக்கி, அதைத் திருப்பிக் கொடுக்கக் கோதண்டம் வீட்டுக்குப் போனாள். அங்கே எல்லோரும் பிடித்து உட்காரவைத்துப் பேசினார்கள். அவளுக்கும் பேச வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது வெளிச்சம் குறைந்திருந்தது. தூறல். நாகேந்திரன் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கால் வரை களிமண். சொம்பைத் தூக்கி, அவளைப் பார்த்தபடியே, கடகடவென்று குடித்தான்.

"வேம்புலி எங்க?"

"குந்த வெச்சிட்டு வந்தேன்."

"எங்க?"

"அவகூடத்தான்." சிரித்தான். நல்ல, சாந்தமான சிரிப்பு. "பூங்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அவள பொதைக்கல. மலையில தண்ணியே இல்ல. அவளால நடக்க முடியல, என்னால தூக்க முடியல. கல்லு மேல குந்த வெச்சி, இங்கியே இரும்மா, நைனா தண்ணி கொண்டாரேன்னு சொன்னேன். கைய உடவே இல்ல. நகத்தால புட்சிகினா. ஒவ்வொரு வெரலா பிரிச்சி உட்டுட்டு வந்தேன். திரும்பிப் பாக்கல. உசுரோடதான் இருந்தா."

அவள் ஏரிப் பக்கம் திரும்பினாள்.

"இத்தன நாளா என்கூடவே நடந்து வந்தா. பாவம். நீங்கதான் எடம் குடுத்தீங்க, குந்திட்டா. ஆனா தனியா குந்திகினு இருக்காளே. அதான் தொணைக்கு."

பூங்காவனம் ஓடினாள். வரப்பு வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். ஏரி நிரம்பிக் கிடந்தது. கரைக்கு அந்தப் பக்கம் அலை மோதும் சத்தம். தவளைச் சத்தம் இல்லை. ஈரக் களிமண் வாசனை. கோரைப் புல்.

பையன் இருந்தான்.

மேட்டுக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாய் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் அவனை வாரி நெஞ்சோடு அணைத்தாள்.

"வாடா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

"தண்ணி கொண்டாந்தியா?"

"ஊட்ல குடிக்கலாம், வா."

"எனக்கு இல்லம்மா. அக்காவுக்கு. நைனா கொண்டாரேன்னு போச்சு, வரவே இல்ல. அக்கா கேட்டுகினே கீது."

"எந்த அக்கா?"

"பல்லு உயுந்த அக்கா. பேசினா காத்து காத்தா வருது."

அவள் விட்டுவிட்டு வந்தபோது சாமுண்டிக்குப் பால்பல் எல்லாம் இருந்தது. இந்தக் கோடையில் ஏழு வயது நடந்திருக்கும்.

போய்விட வேண்டும். இப்போதே. பையனைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல். ஆனால் பார்த்துவிட்டாள்.

சுற்றிலும் எல்லாம் நனைந்து சொட்டியது. மேடு மட்டும் காய்ந்திருந்தது. காலையில் பிசைந்து கட்டிய மண், சித்திரை வயல் போலப் பாளம் பாளமாய் வெடித்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம். பேச்சு அல்ல. காய்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டி, விடுபடும் சத்தம். ஒட்டி. விடுபட்டு.

பூங்காவனம் பையனைக் கீழே இறக்கினாள்.

புல்லடியில் தேங்கிய தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி வெடிப்பில் ஊற்றினாள். தேங்கவில்லை. உள்ளே மடக்கென்று விழுங்கியது.

மறுபடி அள்ளினாள். மடக். மறுபடி. மடக், மடக். மூச்சு வாங்காமல் குடிக்கிற பிள்ளைக்குச் சொல்வது போல, "மெல்லம்மா, மெல்ல" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. புல்லடித் தண்ணீர் வற்றியது. கரை மேல் ஏறி ஏரியில் இறங்கினாள். முந்தானையை நனைத்து ஓடிவந்து பிழிந்தாள். மேடு இன்னும் காய்ந்தே கிடந்தது. வெடிப்பு கொஞ்சம் அகலமாகியிருந்தது.

"போதுமாடி?"

பையன் குளிரில் பல் கிட்டியபடி, மேட்டின் மேல் காதை வைத்துப் படுத்திருந்தான். கொஞ்ச நேரம் கேட்டான்.

"இன்னும் வேணுமாம்மா."

அவள் மறுபடி ஏரிக்கு ஓடினாள்.