சுடர்க்கொடியின் நெஞ்சொப்பம்

புதுப்பள்ளத்தில் துவரம்பருப்பு வாங்க வேண்டுமென்றால் முதலில் புருஷனோடு சண்டை போடக் கூடாது. முகம் கழுவி, ஒரு வாய் வெந்நீர் குடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இந்தக் கடைக்காரன் நல்லவன், பூச்சியில்லாத பருப்புதான் அனுப்புவான்" என்று மனதார நம்ப வேண்டும். நம்பியது உண்மையென்றால் மணிக்கட்டில் பச்சை விளக்கு எரியும், திரையில் இருக்கும் கட்டணச் சீட்டில் விரலை வைத்தால் 'கிணுங்' என்று மணி அடிக்கும், பணம் போய்விடும். காலையில் தெரு வழியாக நடந்தால் வீட்டுக்கு வீடு ஆட்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வந்தவர்கள் தவம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டதும் உண்டு. தவமும் இல்லை, ஒன்றும் இல்லை. மளிகை வாங்குகிறார்கள்.

புதுப்பள்ளம் நிலாவில் இருக்கிறது. பெரிய பள்ளம் ஒன்றின்மேல் கண்ணாடிக் கூரை போட்டு, மதுரை, விருதுநகர்ப் பக்கத்து ஜனங்கள் குடியேறிய ஊர். அங்கே விளைவது கீரையும் கோபமும்தான். மற்ற எல்லாவற்றையும் வலைக்கடையில் பார்த்து, பணம் கட்டி, பூமியிலிருந்து சரக்குக் கலத்தில் வரவழைக்க வேண்டும்.

பணம் கட்டும் இந்த முறைக்கு நெஞ்சொப்பம் என்று பெயர். இப்போது பூமியிலும் வந்துவிட்டது. காறை எலும்புக்கு அடியில் அரிசி மணி அளவில் ஒரு உணரியையும், மணிக்கட்டில் அதற்கான விளக்கையும் பதித்துவிடுவார்கள். அது ரத்த ஓட்டத்தையும் வியர்வையையும் படித்து, ஆள் பயந்திருக்கிறாரா, சந்தேகப்படுகிறாரா என்று கண்டுபிடித்துவிடும். யாராவது கழுத்தில் கத்தி வைத்துக் கட்டச் சொன்னால் சிவப்பு. உள்ளுக்குள் லேசாக உறுத்தினாலும் சிவப்பு. திருடனுக்கு வழியே இல்லை என்று கருவூலத்தார் மார்தட்டினார்கள். அந்தக் காலத்தில் நம் முன்னோர் ஆறு எண்ணில் ஒரு ரகசியம் வைத்திருந்தார்களாம். யாரிடமும் சொல்லாதே என்று அதன் பக்கத்திலேயே எழுதியும் இருக்குமாம். யாராவது தொலைபேசியில் பணிவாகக் கேட்டால் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்துக் காட்டுவார்களாம். பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பாடம் வந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இரண்டு விதிகளைச் சொல்லிவிடுகிறேன். கிணுங் சத்தத்தை யாரும் நிறுத்திவைக்க முடியாது. ஒருவர் பணம் கட்டினால் சுற்றி இருப்பவர்களுக்குக் கேட்டே தீர வேண்டும். இன்னொன்று, கையில் காசில்லாவிட்டாலும், வரப்போகிறது என்று நெஞ்சு உறுதியாக நம்பினால் தவணைக்கும் ஒப்பம் விழும்.

அந்த ஊர்க்காரர் மருதையன் கவிழ்ந்தது இந்த இரண்டாவது விதியில்தான். நிலாவில் கோழிப்பண்ணை வைத்தால் ஓஹோவென்று வரலாம் என்று அந்த மனிதர் மனப்பூர்வமாக நம்பினார். மணிக்கட்டு பச்சைப்பசேல் என்று எரிந்தது. கோழிகள் கூரை வரை பறந்து கண்ணாடியில் முட்டிச் செத்தன. மறுபடியும் நம்பினார். மறுபடியும் செத்தன. கருவூலத்தார் 'நம்பிக்கை மிகை' என்று எழுதி அவருடைய உணரியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு வாங்குவதென்றாலும் அவர் மனைவி சுடர்க்கொடியின் நெஞ்சுதான் ஒப்பமிட வேண்டும்.

சுடர்க்கொடியின் நெஞ்சு லேசுப்பட்டதில்லை. எந்தக் கடைக்காரன் பேச்சுக்கும் மசியாது. விளம்பரம் பார்த்தால் சிவப்பு, தள்ளுபடி என்றால் கருஞ்சிவப்பு. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அது கேட்ட மாத்திரத்தில் பச்சையாகிவிடும். பூமியில் இருக்கும் அவள் தம்பி பரிதி. அவன் தவழும் வயதில் அம்மா போய்விட்டாள். அக்காதான் இடுப்பில் தூக்கிச் சுமந்து, சோறு பிசைந்து ஊட்டி, ஆளாக்கினாள்.

சுடர்க்கொடிக்குத் தளிர் என்று ஒரே மகள். நிலாவில் பிறந்த பிள்ளை, எலும்பு முருங்கைக் கொம்புதான். பூமியின் எடையில் அவள் நிற்க வேண்டுமானால் உடம்போடு பூட்டிக்கொள்ளும் நடைச்சட்டம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பூமிக்குக் கூட்டிப்போய்க் கடலில் கால் நனைக்க வைக்கப் போவதாக அறிவித்ததிலிருந்து, தளிர் தூக்கத்தில்கூட "அலை எவ்வளவு உயரம்மா?" என்று கேட்டாள். சட்டம் இல்லாதவர்களுக்குக் கலத்தில் இடம் கிடையாது. சுடர்க்கொடி கீரைத் தோட்டத்தில் மிகைநேரம் பார்த்துச் சேர்த்த பணம் எல்லாம் அதற்குத்தான். சட்டம் செய்யும் கடை ஒன்றின் கட்டணச் சீட்டைப் பரிதி அனுப்பியிருந்தான்.

"என்னடா தம்பி, நீ அனுப்புன கடை பேரே கேள்விப்படாத பேரா இருக்கு?" என்று கேட்டாள்.

நிலாவிலிருந்து பேச்சு போய்த் திரும்ப ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஆயிரம் யோசிக்கலாம்.

"என்கூடப் படிச்ச சேக்காளி கடைக்கா. நான் நேர்ல போயிப் பாத்தேன். தளிருக்குன்னு சொன்னதும் கைகால் அளவெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டான். முன்பணம் மட்டும் கட்டு, போதும்."

"சிவப்பாவே நிக்குதுடா."

"கடைய நம்பாட்டிப் போ. என்னைய நம்ப மாட்டியா?"

கிணுங்.

அடுத்த சரக்குக் கலம் வந்தது. எதிர்வீட்டுக்குச் சேலை வந்தது, பக்கத்து வீட்டுக்கு ஊறுகாய் வந்தது. இவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. "வந்துரும்க்கா" என்றான் பரிதி. அதற்கடுத்த கலத்திலும் வரவில்லை. அப்புறம் அவன் அழைப்பை எடுப்பதே இல்லை.

சுடர்க்கொடி கருவூலத்தின் புகார் எந்திரத்திடம் போனாள். அது மகா மரியாதையான எந்திரம்.

"அம்மா, நெஞ்சொப்பம் வந்த பிறகு மோசடி என்ற பிரிவையே எடுத்துவிட்டோம். தங்கள் நெஞ்சு முழுச் சம்மதத்தோடு ஒப்பமிட்டிருக்கிறது. இவ்வளவு தூய்மையான ஒப்பம் அபூர்வம். வாழ்த்துகள்."

"வாழ்த்த நீயே வச்சுக்க. பணம் யாருக்குப் போச்சு? அதையாவது சொல்லித் தொலை."

"கடை உரிமையாளர் பெயர் பரிதி. தகப்பனார் பெயர் சொக்கலிங்கம்."

சொக்கலிங்கம் அவளுக்கும் அப்பாதான். சுடர்க்கொடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் அழுகை வந்தது.

"காசு வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே! என்னிக்காவது இல்லேன்னு சொல்லியிருக்கேனா? பச்சப்புள்ள எலும்ப வித்துல்ல தின்னுட்டான் பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மருதையன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மறுநாள் பருப்பு வாங்க உட்கார்ந்தாள். சிவப்பு. வருஷக்கணக்காகப் பருப்பு அனுப்பும் அதே கடை, ஒரு தடவைகூட எடை குறைத்ததில்லை. "கூடப் பொறந்தவனே இப்படின்னா இவன் எம்மாத்திரம்?" என்றது நெஞ்சு. சோப்புக்குச் சிவப்பு, உப்புக்குச் சிவப்பு, சாமிக்குக் கற்பூரம் வாங்கப் போனால் அதற்கும் சிவப்பு. நிலாவில் கைக்காசு என்று ஒன்று கிடையாது. நெஞ்சு ஒப்பாவிட்டால் அடுப்பு எரியாது. எதிர்வீட்டிலிருந்து குழம்பு கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, "நெஞ்சு கெட்டுப்போச்சாம்" என்று கிசுகிசுவும் பேசினார்கள்.

கெட்டுப்போன நெஞ்சைச் சரிசெய்ய நெஞ்சாற்று நிலையம் என்று ஒரு இடம் இருந்தது. அங்கே, "நீங்கள் முழுசாக நம்பும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். சுடர்க்கொடி புருஷனை நினைத்தாள். விளக்கு சிவப்பாகவே நின்றது.

"என்னையக்கூடவா நம்பல?" என்றார் மருதையன், முகம் தொங்கிப்போய்.

"நீங்கதான நிலாவுல கோழி வளத்தீக?" என்றாள்.

இதற்கிடையில் ஒரு நல்லது நடந்தது. பக்கத்து ஊரான வடபள்ளத்தில் ஒரு அம்மாளின் மகள் வளர்ந்துவிட்டாள். அவளுடைய பழைய நடைச்சட்டத்தை வலைச்சந்தையில் விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். முன்பணம் போக மிச்சமிருந்த காசு அதற்குச் சரியாக இருந்தது. அந்த அம்மாள் தங்கமான மனுஷி, சட்டத்தைக் கையோடு கொண்டுவந்து தளிருக்கு மாட்டியே காட்டினாள். பூமியைப் போலவே உடம்பை அழுத்தும் எடை அறைக்குள் போய்த் தளிர் டக் டக்கென்று நடந்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

கண்ணெதிரே சட்டம், கண்ணெதிரே விற்பவள். கட்டணச் சீட்டைச் சுவர்த்திரையில் போட்டதும் மணிக்கட்டு சிவந்தது.

"எனக்கும் அவசரம்தான் தாயி. இன்னொரு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காக. வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்கறேன், அதுக்கு மேல என்னையத் தப்பா நினைக்காத" என்று சொல்லிச் சட்டத்தைக் கழற்றி எடுத்துப் போனாள். வெள்ளிக்கிழமை கலம் புறப்படுகிறது. தளிர் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சுடர்க்கொடிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை வந்தது. காலையிலிருந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி சுடர்க்கொடி நம்பிக்கொண்டிருந்தாள். அதாவது, நம்பப் பார்த்தாள். மருதையன் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வடபள்ளத்து அம்மாள் சட்டத்தோடு வாசலில் காத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது. பரிதி.

"எடுக்காத" என்றார் மருதையன்.

"எடுத்து நல்லா நாலு கேக்கறேன்" என்று எடுத்தாள். "நாசமாப் போறவனே! நீ நல்லா இருப்பியாடா? எங்கூடத்தானடா தின்னு வளந்த?"

ஒரு மூச்சு நேரம்.

"அக்கா, நானும் ஏமாந்துட்டேன்க்கா. என் பேர்ல கடையத் தொறந்துட்டு அந்தச் சேக்காளிப் பய ஓடிட்டான். உன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னுதான் எடுக்கல." விசும்பினான். "நீ சாப்டியாக்கா?"

அப்பட்டமான பொய். சுடர்க்கொடிக்குத் தெரியாதா? அவன் பொய் சொல்லும்போது குரல் எந்த இடத்தில் இழுக்கும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. புத்தி "பொய், பொய்" என்று கத்தியது. ஆனால் அந்த "சாப்டியாக்கா" காதில் விழுந்ததும் மணிக்கட்டில் பச்சை எரிந்தது.

மருதையன் அதைப் பார்த்தார். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல யோசனை வந்தது. பாய்ந்து போய்ச் சுவர்த்திரையில் சட்டத்தின் சீட்டைப் போட்டார். வாயைத் திறக்காமல், பேசு பேசு என்று கையைச் சுழற்றினார்.

"அக்கா, ஒரே ஒரு தடவை. மிச்சக் காச எனக்கு அனுப்பு. வக்கீலுக்குக் கட்டி எல்லாத்தையும் மீட்டுத் தாரேன். சீட்டு அனுப்பிட்டேன் பாரு."

திரையில் இப்போது இரண்டு சீட்டுகள் நின்றன. வடபள்ளத்து அம்மாளின் சீட்டைப் பார்த்தால் விளக்கு மங்கியது. தம்பியின் சீட்டைப் பார்த்தால் பச்சை நிமிர்ந்தது. சுடர்க்கொடி விரலைத் தூக்கினாள். எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்கே தெரியவில்லை.

மருதையன் அவள் காதோரம் குனிந்தார். "கண்ண மூடிக்க. அவன் குரல மட்டும் கேளு. கைய எங்கிட்டக் குடு."

கண்ணை மூடினாள். அவள் விரலைப் பிடித்து அவர் திரையில் வைத்தார். "என்னைய நம்ப மாட்டியாக்கா?" என்றது குரல்.

கிணுங்.

வாசலில் இருந்த அம்மாள் "வந்துருச்சு தாயி, வந்துருச்சு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தளிர் அதற்குள் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள். மணிச் சத்தம் பூமிக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அனுப்பிட்டியாக்கா?" பரிதியின் அழுகை சட்டென்று நின்றிருந்தது.

சுடர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லித் திட்டிவிட்டு வைத்துவிடலாம். வைத்துவிட்டால் நாளைக்குப் பருப்பு?

"இல்லடா தம்பி. அது வேற. உனக்கு அடுத்த வாரம் அனுப்புறேன்" என்றாள்.

தளிர் பூமிக்குப் போய்க் கடலில் கால் நனைத்தாள். அலை முழங்கால் உயரம்தான் என்று வந்து சொன்னாள். வீட்டில் அடுப்பு எரிந்தது. வாரத்துக்கு ஒரு நாள் பரிதி அழைப்பான். வக்கீல் கதை, போலீஸ் கதை, மீட்புக் கட்டணக் கதை என்று புதுசு புதுசாகச் சொல்வான். சுடர்க்கொடி கண்ணை மூடிக் கேட்பாள். மருதையன் அவள் விரலைப் பிடித்து வாரத்து மளிகையை முடித்துவிடுவார். பேச்சு முடிந்தால் பச்சை அணைந்துவிடும். நாலு பேர் உண்மை சொல்லியும் வேலை செய்யாத நெஞ்சு, அந்த ஒருத்தன் பொய்யில் ஓடிக்கொண்டிருந்தது. "நெசமாவே அவன நம்புறியா?" என்று மருதையன் ஒருநாள் கேட்டார். "எனக்கென்ன தெரியும்? அதுட்டக் கேளுங்க" என்று மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரம் பரிதி கொஞ்சம் முறுக்கிக்கொண்டான்.

"நீ ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம், அடுத்த வாரங்கிற. சும்மா சொல்றியோன்னு இருக்குக்கா."

அவன் அழைப்பது நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயம் வந்தது. யோசிக்காமல் சொன்னாள்: "ஏன்டா, அக்கா சொல்றேன்ல? என்னைய நம்ப மாட்டியா?"

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, பூமியிலிருந்து, அவன் பக்கத்திலிருந்து, சன்னமாக வந்தது.

கிணுங்.

சுடர்க்கொடிக்குப் புரிந்துவிட்டது. ஒருநாளும் வராத பணத்தை வரும் என்று அவன் நெஞ்சு நம்பியிருக்கிறது. அக்கா வாக்கை நம்பி எதையோ தவணைக்கு வாங்கிவிட்டான்.

"என்னடா வாங்குன?" என்றாள்.

"உனக்குத்தான்க்கா. தீபாவளிக்குச் சேலை."

பொய்யாகத்தான் இருக்கும். எந்தக் கலத்திலும் சேலை வரப்போவதில்லை. குரல் இழுக்கும் இடத்தில் இழுத்ததா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள், பிடிபடவில்லை. குனிந்து மணிக்கட்டைப் பார்த்தாள். இதுவரை இல்லாத அளவுக்குப் பச்சையாக இருந்தது.

"சுடரு, எண்ணெயும் தீந்துபோச்சு" என்றார் மருதையன் மெதுவாக. "பச்சை இருக்கும்போதே அதையும் சேத்து வாங்கிரு."

அவள் கையை நீட்டினாள்.