வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

அடுப்பில் தண்ணீர் சுடுவதற்குள் நாத்தனார் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். குளித்து, தலை வாரி, கைப்பையைக்கூடத் தோளில் மாட்டியிருந்தாள்.

"வண்டி கிளம்பிடுச்சாம். அம்மாவோட துணிமணியெல்லாம் நானே எடுத்து வச்சிட்டேன். நீ ஒண்ணும் சிரமப்பட வேணாம்."

எந்த வண்டி, எங்கே போகிற வண்டி என்று டிகிரிக்குப் புரியவில்லை. இந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவள் அவள்தான் என்று கல்யாணத்தன்று யாரோ பெருமையாகச் சொல்லப்போக, மாமியார் அங்கேயே சூட்டிவிட்ட பெயர். சாப்பாட்டில் உப்பு கூடினால் டிகிரி. கொடியில் துணி நனைந்தால், டிகிரி படிச்சவளுக்கு மழை வரும்னு தெரியாதா. ஒரு பார்சல் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தாள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது, யார் வேலையை விடுவது என்ற பேச்சே இந்த வீட்டில் எழவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் விட்டாள்.

தன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஊருக்குப் போயிருந்தவள் நேற்று மாலைதான் திரும்பியிருந்தாள். அதுவரை பார்த்துக்கொள்வதற்காக நாத்தனாரும், வெளியூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கொழுந்தன் சின்னவனும் வந்து தங்கியிருந்தார்கள். நேற்று யாரும் எதையும் சொல்லவில்லை. மாமியார்கூட அவளைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விட்டுவிட்டுப் போன கோபம் என்று நினைத்துக்கொண்டு இவளும் பேசாமல் படுத்துவிட்டாள்.

இப்போது நாத்தனார் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். நல்ல காற்று. நர்ஸ் கூடவே இருப்பார்களாம். சின்னவன் பேசி முடித்துவிட்டான், அண்ணனுக்கும் தெரியும்.

"அத்தைகிட்ட கேட்டீங்களா அக்கா?"

"கேட்டோமே. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

டிகிரி அடுப்பை அணைத்தாள். 

"அத்தைக்கு வேணாம்னு சொல்ல வரும். நான் ஊருக்குக் கிளம்பற அன்னைக்குக்கூட, போர்வை போர்த்திவிட்டப்ப வேணாம்னாங்க."

"அளக்காத. ஃபோன் பண்ணும்போதெல்லாம் இதையேதான் சொன்ன. அத்தை பேசறாங்க, அத்தை பேசறாங்கன்னு. நானும் வந்து இத்தனை நாளா வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் வரலை. எப்படி வரும்? கம்ப்யூட்டர் பெட்டி முன்னாடி உக்கார வச்சிட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு காய் நறுக்கினா பேச்சு வந்துடுமா?"

முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது உண்மை. ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பேச்சுப் பயிற்சி சொல்லித்தருகிற பெண், தன் முகத்தை மட்டும் பெரிதாக வீடியோ எடுத்துக் கொடுத்திருந்தார். உதடு எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று பார்த்துக்கொண்டே, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கூடவே சொல்ல வேண்டும். நேரில் யாராவது எதிரே உட்கார்ந்து சொல்லித்தரலாம்தான். ஆனால் மாமியார் விடமாட்டார். கோணிப்போன வாயை, அதிலிருந்து வழிவதை, ஒரு காலத்தில் தான் மிரட்டிய மருமகள் பார்ப்பதா? முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெட்டியிடம் அந்த வெட்கம் இல்லை. அதனால்தான் டிகிரி வீடியோவைப் போட்டுவிட்டு, அதே அறையில், காது மட்டும் அந்தப் பக்கம் இருக்கும்படி முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.

அந்தப் பெட்டி சின்னவன் கல்லூரியில் படித்த காலத்துக் கம்ப்யூட்டர். போட்டால் மாவு மில் மாதிரி இரையும். டிவி இருந்தது, அதை நாத்தனார் தன் பிள்ளைகளுக்கென்று தூக்கிக்கொண்டு போயிருந்தாள். ஃபோனில் தெரிகிற முகம் பக்கவாதத்தில் பாதி மங்கிய மாமியாரின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அடுத்த முறை வரும்போது நல்ல லேப்டாப் ஒன்று கொண்டுவருகிறேன் என்று சின்னவன் ஒவ்வொரு முறையும் சொன்னான். அந்த அடுத்த முறை வரவே இல்லை.

பெட்டிக்கு அந்த வீடியோவை இழுக்கத் தெம்பில்லை. சத்தம் பாட்டுக்குப் போகும், முகம் பின்தங்கி நொண்டிக்கொண்டு வரும். டிகிரி நாலு பேரைக் கேட்டு, தானே கிளறிப் பார்த்து, ஒரு வழி கண்டுபிடித்தாள். படத்தின் அளவைக் குறுக்கினாள். நிறத்தை எடுத்தாள். நொடிக்கு இத்தனை என்று ஓடுகிற படங்களில் பாதியை உதறினாள். சில நிமிட வீடியோ ஒன்றை இப்படிச் சுருக்க அந்தக் கிழட்டுப் பெட்டி அரைநாள் எடுத்துக்கொண்டது. திரையின் ரெசல்யூஷனையும் அதற்கேற்பக் குறைத்ததும், அந்தச் சின்னப் படம் பெரிதாகி, முகம் திரை முழுக்க நிறைந்தது. மங்கல்தான், கறுப்பு வெள்ளைதான். ஆனால் உதடு மூடும்போது 'ம' கேட்டது.

அப்படித்தான் மாமியாருக்குத் தண்ணி வந்தது. வலி வந்தது. வேணாம் வந்தது. அந்த வேணாமை முதலில் கேட்ட நாளில் டிகிரி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு காலத்தில் இந்த வாயிலிருந்து என்னென்னவோ கேட்டிருக்கிறாள். ஒரு வேணாமுக்கு இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று நினைத்ததில்லை.

கணவன், பஸ் டெப்போவில் டயர் பிரிவில் இருப்பவன், வேலைக்குக் கிளம்பாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். டிகிரி நேராக அவனிடம் போனாள்.

"அத்தை வேணாம்னு சொன்னதை நீங்க கேட்டிருக்கீங்கல்ல? அக்காகிட்ட சொல்லுங்க."

அவன் அக்காளைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

"கேட்ட மாதிரிதான் இருந்துச்சு..."

மாதிரி. வேலையை விட்டவளுக்குக் கிடைத்த சாட்சி அது. அவனிடம் கத்துவதில் பயனில்லை என்று தெரிந்துகொண்ட நாட்களில் இன்னொன்று சேர்ந்தது. அவள் அறைக்குள் போனாள்.

மாமியார் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். வெளியே போகும் உடை. காலடியில் கட்டிய பை. கடைசியாக ஒரு முறை பயிற்சி செய்யட்டுமே என்று சின்னவன்தான் வீடியோவைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தான். திரையில் பயிற்சிக்காரப் பெண்ணின் முகம் பளிச்சென்று, கன்னத்து மச்சம் தெரிகிற அளவுக்குத் துல்லியமாக இருந்தது.

சத்தம் 'மா' என்றது. திரையில் வாய் ஈயென்று இளித்து நின்றது. மாமியார் கண்ணை எடுக்காமல் அந்த வாயையே பார்த்தார். தன் வாயையும் அப்படியே இழுத்தார். உள்ளே 'மா' முட்டியது. உதடு விடவில்லை. தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சு மறந்துபோகவில்லை அவருக்கு. காட்டியதை அப்படியே செய்துகொண்டிருந்தார். தப்பாகக் காட்டினார்கள், தப்பாகச் செய்தார். காலையும் மாலையும், இத்தனை நாளாக.

"நான் போட்டு வச்சிருந்த வீடியோ எங்க தம்பி?"

சின்னவன் ஏதோ பெரிய உதவி செய்தவனாக நிமிர்ந்தான். "அதுவா அண்ணி? ஒரே மங்கலா இருந்துச்சு. அம்மாவுக்கு ஏற்கெனவே கண்ணு சரியில்ல. அதான் ஒரிஜினலை ஏத்திட்டு அந்தக் குப்பையெல்லாம் அழிச்சிட்டேன். இடமும் இல்லை இதுல."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. ஆரம்பத்துல நல்லாத்தான் ஓடுச்சு."

"ஆரம்பத்துல. அப்புறம்?"

அப்புறம் அவனுக்கு ஆபீஸ் ஃபோன் வந்திருந்தது. எழுந்து போயிருந்தான். அவ்வளவுதான் நடந்தது. அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. இந்தப் பெட்டி எதை இழுக்கும், எதை இழுக்காது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பான். ஆனால் தெரிந்தவன் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்த அக்காள் அம்மாவின் வாயைப் பார்த்தாளே தவிர, திரையை ஒரு தடவை பார்க்கவில்லை.

டிகிரி மாமியாரின் நாற்காலியை மெல்ல நகர்த்திவிட்டு முக்காலியைத் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க தம்பி. சேர்ந்து சொல்லுங்க. அந்த வாயைப் பாத்துக்கிட்டே சொல்லணும், கண்ணை எடுக்கக் கூடாது."

"அண்ணி, என்ன விளையாட்டு..."

"உக்காருங்க."

அந்தக் குரலை அவன் கேட்டதில்லை. உட்கார்ந்தான். முதலில் சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டு மூன்று சத்தம் போயிருக்கும். திரையில் உதடு குவிந்திருந்தபோது காதில் 'வே' விழுந்தது, அவன் வாய் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு 'வூ' என்றது. இன்னொரு தடவை முயன்றான். நாக்கு தடுமாறியது. சிரிப்பு நின்றது. அவன் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான்.

"அய்யோ அண்ணி..."

"உங்க வாய் நல்லா இருக்கு தம்பி. உங்களாலயே முடியலை. இதை அவங்களுக்குக் காலையில, சாயங்காலம்னு கொடுத்திருக்கீங்க. வந்த பேச்சையும் புடுங்கிட்டீங்க. புடுங்கிட்டு, வேணாம்னு சொல்லலை, சம்மதம்னு முடிவு பண்ணிட்டீங்க."

வாசலில் நாத்தனாரின் குரல், முன்பிருந்த கூர்மை கொஞ்சம் மழுங்கி, "எல்லாம் சரி... வந்த பேச்சுன்னு நீதானே சொல்ற? நாங்க கேக்கலையே" என்றது.

வெளியே வண்டி வந்து நின்று ஒலி எழுப்பியது.

டிகிரி கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தாள். இரைச்சல் அடங்கியதும் அறை பெரிதானது போலிருந்தது. முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். மாமியாருக்கு நேர் எதிரே. இதுவரை அவள் ஒரு தடவைகூட உட்காராத இடம்.

எதிர்பார்த்தபடியே மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அத்தை." டிகிரியின் குரலில் கெஞ்சல் இல்லை. கோபம்தான் இருந்தது. "இவ்வளவு நாளும் நீங்க வெக்கப்பட்டீங்க, நான் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தேன். இன்னைக்கு வெக்கப்பட்டா உங்களை ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. போகணும்னு ஆசை இருந்தா பேசாம இருங்க, நானே பையைத் தூக்கிட்டு வரேன். இல்லைன்னா என் வாயைப் பாருங்க."

மாமியார் வழிந்த வாயோரத்தை நல்ல கையால் தானே துடைத்தார். துடைத்த கையை மடியில் வைத்தார். பிறகு, கழுத்தில் ஒவ்வொரு நரம்பாகத் திருப்புகிறவர் போல, முகத்தை மருமகள் பக்கம் கொண்டுவந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தப் பார்வையை இவ்வளவு பக்கத்தில் டிகிரி பார்த்ததில்லை. பயந்துபோன கிழவியின் பார்வை. டிகிரி மேல்பல்லால் கீழுதட்டைத் தொட்டுக் காட்டினாள். சத்தம் கொடுக்கவில்லை. வெறும் வாய் மட்டும்.

மாமியாரின் உதடு நடுங்கியது. முதலில் காற்றுதான் வந்தது. நாத்தனார் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வே..."

டிகிரி தலையை ஆட்டினாள். நாக்கை மேலே தூக்கிக் காட்டினாள்.

"வே... ணா... வேணாம்."

சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை. மகளைப் பார்த்து ஒரு வேணாம். சின்னவனைப் பார்த்து ஒரு வேணாம். காலடியில் கிடந்த பையை நல்ல காலால் உதைத்தார். அது கொஞ்ச தூரம்கூட நகரவில்லை, ஆனாலும் அது உதைதான்.

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தான் பாவி என்றாள், கேட்கத் தெரியாமல் போய்விட்டதே என்றாள், டிகிரியின் கையைப் பிடிக்க வந்தாள். கணவன் வாசலுக்குப் போய் வண்டிக்காரனிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு வந்தான். வந்தவன் மனைவி பக்கம் பார்க்கவில்லை.

"மாதிரி இல்லக்கா. நான் கேட்டேன். நல்லாவே கேட்டேன்" என்றான் சுவரைப் பார்த்து.

"இப்ப சொல்லி என்ன?" என்றாள் டிகிரி.

சின்னவன் பெட்டியைத் தட்டி எழுப்ப முயன்றுகொண்டிருந்தான். மன்னிச்சிடுங்க என்றான். அழித்ததை மீட்க முடியுமா என்று பார்ப்பதாகச் சொன்னான். முடியாவிட்டால் அண்ணிதான் திரும்பவும் அதே மாதிரி செய்து கொடுக்க வேண்டும் என்றான், அவன் குரலில் பழைய மெத்தனம் திரும்பிக்கொண்டிருந்தது.

"நீங்க செய்ங்க தம்பி. ஒவ்வொண்ணும் அரைநாள் எடுக்கும். முடிஞ்சதும் முழுசா உக்காந்து பாருங்க, கடைசி வரைக்கும். அதுக்கப்புறம் ஊருக்குப் போகலாம்."

மாமியார் நல்ல கையை நீட்டி அவள் பின்கழுத்தைப் பிடித்தார். எதிர்பார்க்காத பலம் அந்தக் கையில். இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். டிகிரி அழுதாள். உருகி வந்த அழுகை இல்லை அது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கு அடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்துக் கோபத்தையும் அந்தக் கிழட்டுத் தோளில் தேய்த்தாள். மாமியாருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். விலக்கவில்லை. முதுகைத் தட்டிக் கொடுக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து டிகிரி நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமையிலேருந்து நான் வேலைக்குப் போகப் போறேன் அத்தை. பழைய இடத்துல கேட்டுப் பாப்பேன். இல்லைன்னா வேற இடம். சாயங்காலம் வந்து நான் உக்காருவேன், இப்படி நேரா. பகலுக்கு இவங்க மூணு பேரும் இருக்காங்க, உங்க பிள்ளைங்க."

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேணாம் என்ற சொல் கைவசம் இருந்தது. சொல்லவில்லை. மெல்லத் தலையை ஆட்டினார்.

டிகிரி மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு உக்காரப் போறீங்க?"

நாத்தனார் தம்பிகளைப் பார்த்தாள். சின்னவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் செருப்பைத் தேடினான். வழக்கமாக இந்த இடத்தில் டிகிரி, சரி விடுங்க, நானே பாத்துக்கறேன் என்று எழுந்துவிடுவாள். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.